32,000 ரூபாய்ச் சைக்கிளும் 48,000 ரூபாய்ச் சேமிப்பும்

கேள்வி: நான் 26 வயதுப் பெண். சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். பெங்களூரு மடிவாளாவில் பிஜி விடுதியில் தங்கி, ஜெயநகர் நான்காவது பிளாக்கில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 24,000. வீட்டுக்கு 9,000 அனுப்புகிறேன். இரண்டு வருடத்தில் 48,000 சேர்ந்திருக்கிறது. பஸ், ஆட்டோ என்று மாதம் 1,800 ஆகிறது. தூரம் ஆறு கிலோமீட்டருக்குள்தான். 24 கியர், ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக் உள்ள ஒரு சைக்கிளைப் பார்த்து வைத்திருக்கிறேன், விலை 32,000. அம்மா அந்தப் பணத்துக்கு நகை வாங்கச் சொல்கிறார். அண்ணன் ஊரில் சும்மா நிற்கும் பழைய ஸ்கூட்டரைச் சரிசெய்து எடுத்துப்போகச் சொல்கிறார். ப்ளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளைப் பள்ளி முடியும்வரை ஓட்டினேன், அதன்பின் தொட்டதில்லை. எனக்கென்று இதுவரை பெரிதாக எதுவும் வாங்கியதில்லை. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 32,000 ரூபாய்ச் சைக்கிள் வேண்டாம். 15,000 ரூபாய்க்குள் உங்கள் வேலைக்குப் பொருத்தமான நல்ல சைக்கிள் கிடைக்கும். மீதிப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரண்டு வருடம் சேர்த்த பணம் இது. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்வது நியாயமாகாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் அல்சூரில் வசிக்கிறேன். பல வருடங்களாக இந்த நகரத்தில் வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களின் சைக்கிள்களுக்கு கோட்டம் எடுப்பது, பேரிங் கழுவி கிரீஸ் வைப்பது போன்ற வேலைகளும் செய்கிறேன்.

முதலில் பணம். சைக்கிளின் விலையோடு செலவு நிற்காது. ஹெல்மெட், நல்ல பூட்டு, முன்னும் பின்னும் விளக்கு, மட்கார்டு, காற்றடிக்கும் பம்பு என்று 3,500 ரூபாயாவது தனியாக ஆகும். கியர் சைக்கிள்கள் பலவற்றில் பெல்லும் ஸ்டாண்டும்கூட உடன் வராது. ஆக மொத்தம் 35,500. உங்களிடம் மிஞ்சுவது 12,500, அதாவது அரை மாதச் சம்பளம். வெளியூரில் தனியாக இருப்பவருக்கு இது போதவே போதாது. விடுதி மாற வேண்டி வந்தால் புதிய இடத்தில் முன்பணம் கேட்பார்கள். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலோ, ஊரில் பெரியவர்களுக்கு ஏதாவது என்றாலோ அந்தப் பணம் ஒரே நாளில் கரைந்துவிடும். பிறகு கைமாற்று, வட்டி என்று போக வேண்டியிருக்கும். அதுவே சைக்கிளுக்கு 15,000, மற்றவற்றுக்கு 3,500 என்றால் 18,500-இல் முடிந்துவிடும். 29,500 கையில் நிற்கும். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கையிருப்பு வைத்துக்கொண்டு சைக்கிளையும் ஓட்டலாம். என் கணக்கில் இந்த ஒன்றே முடிவைச் சொல்லிவிடுகிறது. கீழே எழுதுவதெல்லாம் அந்த 15,000-ஐ எப்படி வீணாக்காமல் செலவழிப்பது என்பதைப் பற்றியது.

சைக்கிள் வாங்கினால் மாதம் 1,800 ரூபாயும் மிச்சமாகிவிடும் என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்கைச் சற்றுத் திருத்த வேண்டும். மழை நாள், உடம்புக்கு முடியாத நாள், இரவு தாமதமாகும் நாள், ஊருக்குப் போக மூட்டையோடு கிளம்பும் நாள் எல்லாம் உண்டு. 1,200 மிச்சமாகும் என்று வையுங்கள். 18,500 ரூபாய் ஏறக்குறைய 15 மாதத்தில் திரும்பிவிடும். 35,500 திரும்ப 30 மாதம் ஆகும். டியூப், பிரேக் கட்டை, செயின் எண்ணெய், வருடத்துக்கு ஒரு முறை முழுச் சர்வீஸ் என்று ஆண்டுக்கு 2,000 ரூபாய் வைத்தால் இரண்டுமே இன்னும் சில மாதங்கள் தள்ளிப்போகும். 30 மாதத்துக்குப் பிறகும் இதே கடையில், இதே விடுதியில் இருப்பீர்களா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கர்நாடகத்தில் சக்தி திட்டத்தின்படி 2023 ஜூன் முதல் சாதாரண அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். உங்கள் ஆதாரில் கிருஷ்ணகிரி முகவரி இருப்பதால்தான் டிக்கெட் எடுக்கிறீர்கள் போலும். இங்கேயே தொடர்ந்து இருப்பதாக முடிவெடுத்து முகவரியை மாற்றிக்கொண்டால் பஸ் செலவு இல்லாமலே போய்விடும். அப்போது சைக்கிளால் மிச்சமாவது ஆட்டோ காசு மட்டும்தான். சைக்கிள் வேண்டும் என்பதற்காக இந்த வழியை நான் உங்களிடம் சொல்லாமல் விட்டால் அது நல்ல ஆலோசனை ஆகாது. பணம் மிச்சமாவது ஒன்றுக்காக மட்டும் சைக்கிள் வாங்குவதாக இருந்தால், முதலில் முகவரி மாற்றும் வேலையைப் பாருங்கள்.

ஆனால் சைக்கிளுக்குப் பணத்தைத் தவிர வேறு காரணங்களும் உண்டு, அவற்றில் முதன்மையானது நேரம். டாம்டாம் நிறுவனம் 2024-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட போக்குவரத்து அறிக்கையின்படி, பெங்களூருவில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் ஆகிறது. இது கார் ஓடும் வேகம். நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக நிற்கும் நேரம் இதில் சேராது. அவசரப்படாமல் மிதிக்கும் ஒருவர் மடிவாளாவிலிருந்து ஜெயநகருக்கு அரை மணியில் போய்விடலாம். அதைவிட முக்கியம், நாளைக்கும் அதே அரை மணிதான் ஆகும். கடை திறக்கும் நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டியவருக்கு, எப்போது கிளம்பினால் எப்போது சேருவோம் என்று உறுதியாகத் தெரிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பணத்தை எடுப்பதற்கு முன் இரண்டு இடங்களில் பேசிவிடுங்கள். ஒன்று உங்கள் பிஜி, மற்றொன்று கடை. விடுதியில் சைக்கிளை இரவு எங்கே விட இடம் தருவார்கள்? "வெளியே சுவரோரமாகச் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் அது இடம் இல்லை. கேட்டுக்கு உள்ளே, மழை படாத இடத்தில், சங்கிலி போட ஒரு கம்பியோ ஜன்னலோ வேண்டும். கீழ்த்தளத்தில் ஸ்கூட்டர்கள் நெருக்கியடித்து நிற்கும் விடுதிகளில், காலையில் யாராவது தம் வண்டியை எடுக்கும்போது சைக்கிளைத் தள்ளிவிடுவதும், கியர் மாற்றும் கருவி வளைவதும் வாரம் தவறாமல் நடக்கும். மாடிக்குத் தூக்கிப்போக வேண்டுமென்றால் 16 கிலோ சைக்கிளுக்கும் 13 கிலோ சைக்கிளுக்கும் உள்ள வேறுபாடு இரண்டாம் மாடியில் தெரிந்துவிடும். கடையிலும் கேளுங்கள். ஜெயநகர் நான்காவது பிளாக் கடைத்தெருவில் பகல் முழுவதும் சைக்கிளை நடைபாதையில் விட்டுவிட்டு உள்ளே நிம்மதியாக வேலை செய்ய முடியாது. பின்பக்கம், படிக்கட்டுக்கு அடியில், சரக்கு வைக்கும் அறையில் என்று ஏதாவது ஒரு மூலை வேண்டும். இந்த இரண்டு இடத்திலும் பதில் கிடைக்காவிட்டால் 15,000 ரூபாய்ச் சைக்கிளும் வேண்டாம் என்பேன். சைக்கிள் ஓட்டுவதை நிறுத்திவிட்ட பலரைப் பார்த்திருக்கிறேன். களைப்பால் நிறுத்தியவர்கள் அவர்களில் குறைவு. தினம் தினம் நிறுத்த இடம் தேடும் தொல்லையால் விட்டவர்களே அதிகம்.

அடுத்தது வழி. யாரிடமாவது ஒரு சைக்கிளை இரண்டு நாள் இரவல் வாங்கி, வேலை நாளில், நீங்கள் வழக்கமாகக் கிளம்பும் நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டிப் பார்த்தால் எந்த வழியும் நன்றாகத்தான் இருக்கும். திரும்பி வரும் இரவு நேரத்திலும் ஓட்டிப் பார்ப்பது அவசியம். நாள் முழுக்க நின்று வேலை செய்த கால்களோடு, எதிர் விளக்குகள் கண்ணில் அடிக்க வரும்போது அதே வழி வேறாகத் தெரியும். ஓசூர் சாலை, சில்க் போர்டு பக்கமே போகாதீர்கள். பி.டி.எம். முதல் ஸ்டேஜ் உள்தெருக்கள், தாவரெகெரே பிரதான சாலை, பன்னேர்கட்டா சாலையைக் கடந்து திலக் நகர், அங்கிருந்து ஜெயநகர் என்று போகலாம். தாவரெகெரே சாலை குறுகலானது, கூட்டமும் உண்டு. ஆனால் எல்லா வண்டியும் மெதுவாகத்தான் போகும், அதனால் பயம் குறைவு. பன்னேர்கட்டா சாலையைக் கடக்கும் இடத்தில் இறங்கி, சிக்னலில் தள்ளிக்கொண்டே கடந்துவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் பெரிய சந்திப்புகளில் அப்படித்தான் செய்கிறேன். ஜெயநகருக்குள் நுழைந்துவிட்டால் மர நிழலும் அகலமான உள்தெருக்களும் உண்டு. சைக்கிளுக்கென்று அங்கே முன்பு ஒதுக்கிய பாதைகளில் கார்களும் ஸ்கூட்டர்களும் நிற்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்தப் பாதைகளை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஊரின் காற்று உங்களுக்குச் சாதகம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சென்னையில் காலை எட்டு மணிக்கே சட்டை நனைந்துவிடும். இங்கே மார்ச், ஏப்ரல் தவிர்த்து அந்தத் தொல்லை குறைவு. மழைதான் எதிரி. மே மாதத்து மாலை இடிமழையும், ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான மழையும் நீங்கள் வீடு திரும்பும் நேரத்தில்தான் பெரும்பாலும் வந்து நிற்கும். ஆகவே மட்கார்டு இல்லாத சைக்கிளை வாங்க வேண்டாம். பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு முதுகு முழுவதும் கோடு போட்டுவிடும். கடையில் வாடிக்கையாளர் முன் நிற்க வேண்டிய உங்களுக்கு 24 கியரைவிட இரண்டு மட்கார்டு அதிகம் பயன்படும்.

இப்போது நீங்கள் ஆசைப்பட்ட அந்த மூன்று வசதிகளைப் பார்ப்போம்.

24 கியர் என்பது முன்னால் மூன்று, பின்னால் எட்டு பல்சக்கரங்களின் பெருக்கல். அவற்றில் பல கியர்கள் கிட்டத்தட்ட ஒரே விசையைத்தான் தரும். இந்த ஊர் சமதளம் இல்லை. ஏரிகளை நோக்கிச் சரிந்து மீண்டும் ஏறும் தெருக்கள் நிறைய, மேம்பாலங்களும் உண்டு. ஏற்றத்துக்கு ஒரு லேசான கியர் கட்டாயம் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரே பல்சக்கரமும் பின்னால் ஏழும் இருந்தால் தாராளம். மாற்றும் கருவி ஒன்று குறையும், கேபிள் ஒன்று குறையும், கெட்டுப்போகும் இடமும் ஒன்று குறையும். கியரே இல்லாத சைக்கிளும் இந்தத் தூரத்துக்கு முடியாததில்லை. பி.எஸ்.ஏ. லேடிபேர்ட் போன்ற சைக்கிள்கள் இன்னும் குறைந்த விலையில் கிடைக்கும். செயின் கவர் இருப்பதால் சுடிதாரின் ஓரம் மாட்டாது, முன்னால் கூடையும் உண்டு. ஆனால் பள்ளிக்கூடச் சைக்கிளில் மேடு வந்தபோது எழுந்து நின்று மிதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த பிறகு அப்படி மிதிப்பது சுகமில்லை. ஏழு கியர் வாங்குங்கள்.

ஷாக் அப்சார்பர் வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்த விலையில் வருபவை பெரும்பாலும் உள்ளே கம்பிச்சுருள் வைத்தவை. அவற்றின் எடை மட்டும் இரண்டு கிலோவைத் தாண்டும். ஏற்றத்தில் நீங்கள் மிதிக்கும் விசையில் ஒரு பகுதியை அந்தச் சுருள் அமுங்கி அமுங்கியே தின்றுவிடும். இரண்டு மழைக்காலம் போனால் உள்ளே தண்ணீரும் மண்ணும் இறங்கி இறுகிவிடும். அதன்பின் அது அமுங்காது, எடை மட்டும் அப்படியே இருக்கும். பழைய சைக்கிள்களில் அந்தக் குழாயைத் துடைத்துப் பார்த்தால் மேல்பூச்சு உரிந்து செங்குத்தாகக் கோடுகள் விழுந்திருப்பதைக் காணலாம். பெங்களூருவின் குழிகளுக்கு நல்ல மருந்து அகலமான டயர். 35 முதல் 42 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்குக் காற்றை அடிக்காமல், உங்கள் எடைக்கு ஏற்றபடி சற்றுக் குறைவாக வைத்தால் கைக்கும் இடுப்புக்கும் அதிர்ச்சி வராது. மிகவும் குறைத்துவிட்டாலோ குழியில் இறங்கும்போது டியூப் ரிம்மில் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். வாரம் ஒரு முறை காற்றைப் பாருங்கள். வால்வு பைக்கில் இருப்பதைப் போன்ற தடித்த வகையாக இருக்கிறதா என்று வாங்கும்போதே கவனியுங்கள்; அதற்கு எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்று அடிக்கலாம். மெல்லிய நீண்ட வால்வு என்றால் தெருவோரப் பஞ்சர் கடையில் கையை விரிப்பார்கள்.

டிஸ்க் பிரேக் பற்றி எனக்கு அவ்வளவு கடுமையான எதிர்ப்பு இல்லை. மழையில் அது உடனே பிடிக்கும் என்பது உண்மை. ரிம்மைப் பிடிக்கும் சாதாரண பிரேக்குக்கு முதல் சுற்றில் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிப்பு வரும். ஆனால் சாதாரண பிரேக்கின் கட்டைகள் மலிவு, எங்கும் கிடைக்கும், ஓர் ஆலன் கீ என்ற அறுகோணத் திருகுசாவியை வைத்துக்கொண்டு நீங்களே மாற்றிவிடலாம். நீங்கள் போகும் வேகத்துக்கு அது போதும். டிஸ்க் இருப்பதற்காகவே 4,000, 5,000 கூடக் கொடுக்காதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பயன் தருவது உங்கள் உயரத்துக்கேற்ற ஃப்ரேம் அளவுதான், அதற்குத் தனி விலையும் கிடையாது. உங்கள் உயரத்துக்குப் பொருந்தாத சைக்கிளைத் தள்ளுபடியில் கொடுக்கிறார்கள் என்று வாங்கினால் கழுத்தும் மணிக்கட்டும் வலித்து ஒரு மாதத்தில் விட்டுவிடுவீர்கள். கடையில் சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதன்பின் முன்பாதத்தை வைத்து மிதித்தால் முட்டி லேசாக மடங்கிய நிலையில் இருக்கும். அதுதான் சரியான சீட் உயரம். அப்படி உட்கார்ந்து ஹேண்டில் பாரைப் பிடிக்கும்போது முழங்கை விறைத்துக்கொண்டால் ஃப்ரேம் உங்களுக்கு நீளம். மேல்பார் தாழ்ந்த அல்லது பாரே இல்லாத ஃப்ரேம் நல்லது. சிக்னலில் சட்டென்று இறங்க வசதியாக இருக்கும், உடையும் தடுக்காது.

பழைய சைக்கிள் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் அது நல்ல வழி. 2020-இல் கொரோனா காலத்தில் இங்கே ஏராளமானவர்கள் விலை உயர்ந்த சைக்கிள்களை வாங்கினார்கள். அலுவலகங்கள் திறந்ததும் அவற்றில் பெரும்பகுதி அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளத்தில் தூசி படிந்து நின்றுவிட்டது. அவற்றைப் பாதி விலைக்கும் குறைவாகத் தருவார்கள். பார்க்கப் போகும்போது முதலில் டயரைக் குனிந்து பாருங்கள். புதிய டயரில் அச்சிலிருந்து வந்த மெல்லிய ரப்பர் முடிகள் இருக்கும். அவை சாலையைத் தொடும் நடுப்பகுதியில் இன்னும் இருந்தால் சைக்கிள் ஓடவே இல்லை என்று பொருள். அதே டயரின் பக்கச் சுவரை விரலால் அழுத்தி வளைத்துப் பாருங்கள். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் இரண்டு டயரும் மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஓடிய சைக்கிள் என்றால் கையில் ஓர் இரும்பு ஸ்கேல் எடுத்துப் போங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், புதிய செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வந்து நிற்கும். தேய்ந்த செயினில் அது 12-ஐத் தாண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்ற வேண்டும்; எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் பின்சக்கரப் பற்களும் சேர்ந்து போயிருக்கும். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். இடைவெளி ஒரே சீராக இருந்தால் கோட்டம் இல்லை. சீட் கம்பியை இறக்கி ஏற்றிப் பாருங்கள். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் பெரிய வேலை. ஃப்ரேமில், குறிப்பாக ஹேண்டில் பாருக்குக் கீழே இரண்டு குழாய்களைப் பற்றவைத்திருக்கும் பகுதியில், மயிரிழை விரிசலோ பெயின்ட் சுருக்கமோ தெரிந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். என்ன மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பழைய பில் இல்லாமல் வாங்கவும் வேண்டாம். இந்த ஊரில் சைக்கிள் திருட்டு குறைவில்லை. இதையெல்லாம் பார்க்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப்போக முடிந்தால் பழையது வாங்குங்கள். முடியாவிட்டால் கடையில் புதியது வாங்குவதே உங்களுக்கு நிம்மதி.

அண்ணன் சொல்வதை ஒதுக்கிவிட வேண்டாம். நாளைக்கு வேலை எலக்ட்ரானிக் சிட்டிக்கோ வைட்ஃபீல்டுக்கோ மாறினால் ஸ்கூட்டர்தான் சரி, அல்லது மெட்ரோ. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் திறந்த பிறகு மடிவாளா பக்கத்திலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போவது எவ்வளவோ எளிதாகிவிட்டது. ஆனால் இன்றைய உங்கள் தூரத்துக்கு அந்த ஸ்கூட்டர் மலிவானது இல்லை. ரிப்பேர் செலவோடு பெட்ரோல், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் தொடர்ந்து வரும். மேலும் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியைக் கர்நாடகத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். ஊரில் சும்மா நிற்கும் வண்டி என்று பார்த்தால் இலவசம் போலத் தெரிகிறது. எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள் என்று அண்ணனிடமே சொல்லுங்கள். சைக்கிளுக்கு உரிமமும் இல்லை, பதிவும் இல்லை.

அம்மாவின் பேச்சிலும் நியாயம் உண்டு. நகை நின்று பேசும், சைக்கிள் தேயும். ஆனால் இப்போதைய விலையில் 32,000 ரூபாய்க்கு அரைப் பவுன்கூட வராது. செய்கூலி, சேதாரம் வேறு. நீங்கள் 29,500 ரூபாயை வங்கியில் வைத்திருக்கப் போகிறீர்கள் என்று சொன்னால் அவருக்குப் பாதி மனம் ஆறும். பெங்களூரு சாலையில் பெண்பிள்ளை தனியாகச் சைக்கிளில் போவதுதான் அவருடைய உண்மையான கவலை என்றால், அதை நகைப் பேச்சோடு கலக்காமல் தனியாகப் பேசுங்கள். எந்த வழியாகப் போகிறீர்கள், இரவு எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள், தாமதமானால் என்ன செய்வீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு முறை அவரை இங்கே அழைத்து வந்து அந்த வழியை ஆட்டோவில் காட்டுங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு பரப்பும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திராமல், வீட்டு ஆண்களைக் கேட்டு நிற்காமல் நினைத்த நேரத்தில் கிளம்ப முடிந்தது அவர்கள் வாழ்க்கையில் பெரிய மாற்றம். உங்கள் அம்மாவின் வயதை ஒத்த பெண்கள் அவர்கள். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

"எனக்கென்று இதுவரை எதுவும் வாங்கியதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் பல முறை படித்தேன். ஒரு பொருளின் மேல் வரும் ஆசையைக் கணக்குப் போட்டு அடக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த 32,000 ரூபாய்ச் சைக்கிள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கடைக்கு வெளியே பூட்டி வைத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பீர்கள், மழையில் எடுக்க யோசிப்பீர்கள், சேறு பட்டால் வருந்துவீர்கள். உங்களுக்கு வேண்டியது தினமும் பயமில்லாமல் எடுத்துப் போகக்கூடிய, உங்களுக்கே உங்களுக்கான ஒரு வண்டி. நீங்கள் விரும்பும் நிறத்தில், அழகான பெல்லோடு, 15,000 ரூபாயிலேயே அது கிடைக்கும். ஒரு வருடம் ஓட்டிய பிறகும் பெரிய சைக்கிள் வேண்டும் என்று தோன்றினால் அப்போது வாங்குங்கள். எந்த கியர் தேவை, எந்த டயர் வசதி என்று அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். பழையதை விற்றாலும் பாதி விலை திரும்ப வரும்.

கடைக்குப் போகும்போது சில விஷயங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிள்களுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. முன்பு வரியோடு 32,000 என்று விற்ற சைக்கிள் இப்போது அதே அடிப்படை விலையில் 30,000-க்கு வர வேண்டும். உங்களிடம் சொன்ன விலை எந்த வரியில் என்று கேளுங்கள், எந்தச் சைக்கிள் வாங்கினாலும் பில்லில் 5 சதவீதம்தான் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாதத் தவணைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். 15,000 ரூபாய் உங்கள் கையில் இருக்கும்போது கடன் எதற்கு? வட்டியில்லாத் தவணை என்று சொல்வதில் பல நேரம் செயல்பாட்டுக் கட்டணம் சேர்ந்துவிடும், ரொக்கத்துக்குத் தரும் தள்ளுபடியும் கிடைக்காது. முதல் சர்வீஸ் இலவசமா என்று கேட்டு, ஒரு மாதத்தில் மறக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். புதுச் சைக்கிளில் கேபிள்கள் இளகும், கம்பிகள் தளரும். அப்போதே முடுக்கிவிட்டால் சக்கரம் பல வருடம் கோணாது.

பூட்டுக்கு 800, 1,000 ரூபாய் கொடுக்கத் தயங்காதீர்கள். விரல் தடிமன் கேபிள் பூட்டுகளை வெட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். யூ வடிவ இரும்புப் பூட்டை வாங்கி, பின்சக்கரத்தையும் ஃப்ரேமையும் சேர்த்துக் கம்பியோடு பூட்டுங்கள். சக்கரத்தை நெம்புகோலைத் திருப்பிக் கழற்றும் வகை என்றால், கடையிலேயே அதை நட்டு போட்டதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். பெடல்கள் சேரும் அச்சுக்கு அடியில், சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பினால் தெரியும் இடத்தில், ஃப்ரேம் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணையும் முழுச் சைக்கிளையும் படம் எடுத்து அண்ணனுக்கும் அனுப்பி வையுங்கள். திருடு போனால் காவல் நிலையத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.